நாக்குக்குத் தெரியாமலே உப்பைக் குறைக்கலாம், தெரியுமா?

ஒரு ஊர் ஒரு நாளைக்கு எவ்வளவு உப்புத் தின்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள், தெரியுமா? உப்பு ஜாடியை எடை போட்டா? "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டா? இரண்டுமே இல்லை. மூத்திரத்தை அளந்து!

முகம் சுளிக்காதீர்கள். உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் அதிகம் நம்பும் அளவுகோல் அதுதான். நாம் சாப்பிட்ட உப்பில் இருக்கும் சோடியத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சிறுநீரோடு வெளியே வந்துவிடுகிறது. அதனால் ஆய்வுக்கு ஒப்புக்கொண்டவர் கையில் ஒரு கேனைக் கொடுத்துவிடுவார்கள். காலையில் முதலில் போவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்கப்புறம் பகல், ராத்திரி, மறுநாள் விடிந்ததும் போகிற முதல் முறை வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாமல் கேனில் பிடித்தாக வேண்டும். வயலுக்குப் போனாலும் கேன், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் கேன்! நடுவில் ஒரு தடவை மறந்தாலும் அவர் கணக்கு செல்லாது.

இப்படிக் கேனும் கையுமாக நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. டெல்லி, ஹரியானா ஒரு பக்கம், ஆந்திரா இன்னொரு பக்கம். ஆய்வில் சேர்ந்தவர்கள் 1,395 பேர். வடக்கே ஆளுக்கு ஒரு நாளைக்கு 8.59 கிராம் உப்பு. ஆந்திராவில் 9.46 கிராம்! உலக சுகாதார நிறுவனம் போட்டிருக்கும் கோடு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். ஆந்திரா அதைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தாண்டி நிற்கிறது.

ஆந்திரா என்றதும் "அவங்க ஆவக்காய்க்காரங்க, அப்படித்தான்" என்று சென்னைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் சென்னையில் 1,902 பேரை வைத்துப் பார்த்து 2007இல் சொன்ன கணக்கு 8.5 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் தேசிய ஆய்வு நாடு முழுக்கப் போட்ட சராசரி 8 கிராம், அதில் ஆண்கள் 8.9, பெண்கள் 7.1. எந்த மாநிலம் தப்பித்தது என்று தேடினால் விடை சொல்வது கஷ்டம்.

இனி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துச் சாந்திபுரத்துக்கு வாருங்கள். குப்பத்திலிருந்து பலமனேர் போகும் வழியில் இருக்கும் ஊர். தெற்கே கொஞ்ச தூரம் போனால் கிருஷ்ணகிரி மாவட்டம், மேற்கே போனால் கோலார் தங்கவயல். மூன்று மாநிலத்து நாக்கும் ஒரே சந்தையில் கூடும் இடம். ராகிக் களியைத் தெலுங்கில் சங்கடி என்பார்கள், கன்னடத்தில் முத்தே என்பார்கள். உருண்டை ஒன்றுதான், தொட்டுக்கொள்வதுதான் வேறு வேறு. உப்பு ஒளிந்திருப்பதும் அந்தத் தொட்டுக்கொள்வதில்தான்! குழம்பு, ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம்.

ஊறுகாய் என்றதும் ஒரு சமாச்சாரம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி ஊறுகாயில் உப்பு "இதற்கு மேல் போகக் கூடாது" என்று சொல்லும் என்றுதானே நினைப்பீர்கள்? தலைகீழ்! எலுமிச்சைச் சாற்றிலோ உப்புநீரிலோ போட்ட ஊறுகாயில், கெடாமல் காப்பதே உப்புதான் என்றால், அது 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. காரணமும் நியாயமானதுதான். உப்பு குறைந்தால் பூஞ்சை பிடிக்கும், கெட்ட கிருமி வளரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 15 கிராம் ஊறுகாய் தொட்டுக்கொண்டால் 1.8 கிராம் உப்பு உள்ளே போய்விட்டது. ஒரு நாள் பங்கில் மூன்றில் ஒன்றுக்கு மேல், பழைய சோற்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டே போகிறது.

அப்பளத்தில் இரட்டை வேடம். அதில் போடும் உப்பு ஒரு சோடியம், அப்பளக்காரம் இன்னொரு சோடியம். உப்புக் கரிக்காத பொருளிலும் சோடியம் இருக்கும் என்பதுதான் இந்த விஷயத்தில் பெரிய ஏமாற்று. இனிப்பு பிஸ்கட்டைத் திருப்பிப் பாருங்கள், சோடியம் இருக்கும். பன்னிலும் ரொட்டியிலும் இருக்கும். மாவைப் பொங்க வைக்கும் சோடா உப்பும் சோடியம்தான். நாக்கு சொல்வதை நம்பினால் கணக்கு தப்பும்.

"நாங்க பாக்கெட் உப்பே வாங்குறதில்ல, இந்துப்புதான்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். ரோஜா நிறத்தில் அழகாகத்தான் இருக்கிறது! ஆனால் இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கல்லுப்பும் அதுதான். ரத்த அழுத்தத்துக்கு உப்பின் நிறமும் விலையும் தெரியாது.

மேல்நாட்டு ஆராய்ச்சிகளைப் படித்துவிட்டு "கம்பெனிகளைக் கட்டுப்படுத்தினால் போதும்" என்று நம்மூரில் பேசுகிறவர்களைத் தடுமாற வைக்கும் தகவல் ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சாப்பிடும் உப்பில் முக்கால் பங்கு தொழிற்சாலையிலும் ஓட்டலிலுமே போடப்பட்டு வருகிறது. இங்கே? டெல்லி, ஹரியானா, ஆந்திரா மக்களின் சாப்பாட்டை அலசியபோது ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் தனியாகச் சேர்க்கும் உப்பு, பெரும்பாலும் வீட்டுச் சமையலில் போடுவது! நமது உப்புத் தொழிற்சாலை நம் அடுப்படிதான். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அதற்காகப் பாக்கெட்டை விட்டுவிட முடியாது. சாந்திபுரம் மாதிரி எந்தச் சிற்றூரின் மளிகைக் கடை வாசலிலும் நின்று அண்ணாந்து பாருங்கள். தோரணம்! ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கைநீட்டிக் கிழித்துக்கொண்டு போவார்கள். அந்தப் பாக்கெட்டின் முதுகில் எறும்பு எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் உப்பு என்று தேடாதீர்கள், 'சோடியம், மி.கி.' என்றுதான் ஆங்கிலத்தில் இருக்கும். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமில் 1,000 மில்லிகிராம் சோடியம் என்று ஒரு நூடுல்ஸ் பாக்கெட் சொல்கிறது என்று வையுங்கள். பாக்கெட் 70 கிராம் என்றால் சோடியம் 700 மில்லிகிராம், உப்பு 1.75 கிராம். ஐந்து நிமிட டிபனில் பெரிய ஆளுக்கு உண்டான பங்கிலேயே மூன்றில் ஒன்று காலி. சாப்பிட்டதோ எட்டு வயதுப் பிள்ளை!

உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு சோடிய இலக்கு வைத்தது. உருளைக்கிழங்குச் சிப்ஸுக்கு 100 கிராமுக்கு 500 மில்லிகிராம். அடுத்த முறை சரத்திலிருந்து ஒன்றைக் கிழிக்கும்போது அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"உப்பைக் குறைச்சா ருசி போயிடும், யார் வாங்குவாங்க?" கம்பெனிக்காரர்கள் எங்கேயும் சொல்லும் பதில் இது. அப்படியா சங்கதி? 2012இல் ஆறு நாடுகளின் துரித உணவுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வந்தது. மெக்டொனால்ட்ஸ் கடையின் சிக்கன் மெக்நக்கெட்ஸ், அதே பெயர், அதே பெட்டி. இங்கிலாந்தில் 100 கிராமுக்கு 0.6 கிராம் உப்பு. அமெரிக்காவில் 1.6 கிராம்! இங்கிலாந்துக்காரன் அதைத் தின்றுவிட்டுக் கடையை மூடச் சொல்லிப் போராட்டம் நடத்தவில்லை. ருசிச் சிக்கல் என்று சொல்வதெல்லாம் பல நேரம் மனமில்லாத சிக்கல்தான்.

அந்த இங்கிலாந்தில் நடந்த கதை இன்னும் அருமை. கிரஹாம் மெக்ரெகர் என்ற ரத்த அழுத்த நிபுணரும் அவர் கூட்டாளிகளும் 1996இல் உப்புக்கு எதிராக ஒரு அமைப்பு தொடங்கினார்கள். பிறகு அரசின் உணவுத் தர அமைப்பும் சேர்ந்துகொண்டு, 80க்கும் மேற்பட்ட உணவு வகைகளுக்கு இலக்கு வைத்தது. தந்திரம் என்ன தெரியுமா? ஒரேயடியாகக் குறைக்கவில்லை. கொஞ்சம் குறை, நாக்கு பழகட்டும், மறுபடி கொஞ்சம் குறை. எல்லாக் கம்பெனியும் ஒன்றாகக் குறை, அப்போது எவன் ரொட்டியும் மற்றவன் ரொட்டியைவிடச் சப்பென்று இருக்காது. 2001இல் 100 கிராம் ரொட்டியில் 1.23 கிராமாக இருந்த உப்பு 2011இல் 0.98 கிராம். இருபது சதவீதம் போயே போய்விட்டது, தின்றவர்களுக்குத் தெரியவே தெரியாது! நாட்டின் சராசரி உப்பு 9.5 கிராமிலிருந்து 8.1 ஆக இறங்கியது. அப்புறம் பொறுப்பைக் கம்பெனிகளின் நல்ல மனசுக்கு விட்டார்கள். இறக்கம் நின்றுபோனது. 2018-19இல் அளந்தால் 8.4.

தென்னாப்பிரிக்கா நல்ல மனசை எல்லாம் நம்பவில்லை. 2013இல் சட்டமே போட்டது. 2016 ஜூன் முதல் ரொட்டியில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் இருந்தால் குற்றம், 2019 முதல் 380. சிலியில் 2016 முதல் உப்பு மிகுந்த பாக்கெட் நெற்றியில் எட்டு மூலைக் கறுப்பு முத்திரை. அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் மாகாணத்தில் 2011 முதல் ஓட்டல் மேஜையில் உப்புக் குப்பியே கிடையாது, கேட்டால்தான் வரும். பின்லாந்து 1993லேயே 'உப்பு அதிகம்' என்று பாக்கெட்டில் எழுத வைத்தது. இங்கே? முன்பக்க எச்சரிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று வரைவுகள் வந்தன, நட்சத்திரம் போடலாம் என்றார்கள். 2024 ஜூலையில் சர்க்கரை, உப்பு, கொழுப்பைப் பெரிய எழுத்தில் போடும் முன்மொழிவுக்கு ஒப்புதல் கிடைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே "மூன்று மாதத்தில் முடியுங்கள்" என்று சொல்ல வேண்டியிருந்தது. நம்மூர் வேகம் நமக்குத் தெரியாததா!

நாக்கு ஏன் இப்படி ஏமாறுகிறது? அது பழக்கத்தின் அடிமை. உப்பைக் குறைத்துச் சாப்பிட்டால் முதல் சில நாள் ஒன்றும் பிடிக்காது. சில வாரம், ஓரிரு மாதம் போனதும் குறைந்த உப்பே சரியாகப் படும். பழைய சாம்பாரைக் கொடுத்தால் "என்ன இவ்வளவு கரிக்குது?" என்று நீங்களே கேட்பீர்கள். சிப்ஸில் இன்னொரு வேடிக்கை. மேலே தூவிய உப்பில் கொஞ்சம்தான் நாக்கில் கரைகிறது, மீதி ருசிக்கே உதவாமல் நேராக வயிற்றுக்குப் போகிறது! அதனால் 2010 வாக்கில் பெப்சிகோ கம்பெனி உப்புப் பரலின் வடிவத்தையே மாற்றி, சீக்கிரம் கரையும் உப்பைத் தேடி ஆராய்ச்சியில் இறங்கியது. இங்கிலாந்தில் உள்ளே பொள்ளலான உப்பு உருண்டைகளே செய்துவிட்டார்கள்.

ஜப்பான்காரர் இன்னும் ஒரு படி மேலே. அங்கே வடக்கே அகிடா பக்கம் 1950களில் ஆளுக்கு 20 கிராமுக்கும் மேல் உப்புத் தின்று, பக்கவாதத்தில் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தார்கள். பட்ட அடி அப்படி. 2024 மே மாதம் அங்கே ஒரு கரண்டி விற்பனைக்கு வந்தது. பேட்டரி போட்ட கரண்டி! கிரின் கம்பெனியும் மெய்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோமெய் மியாஷிதாவும் சேர்ந்து செய்தது. மெல்லிய மின்சாரம் சூப்பில் இருக்கும் சோடியத்தை நாக்குப் பக்கம் இழுக்கும். உப்பு சேர்க்காமலே ஒன்றரை மடங்கு கரிக்கும் என்கிறார்கள். வந்தபோது விலை 19,800 யென். நம்மூரில் புளியும் எலுமிச்சையும் இதைவிட மலிவு என்று நான் நினைக்கிறேன். புளிப்பு ஏறினால் உப்புக் குறைவது நாக்குக்குச் சட்டென்று தெரியாது, ரசத்தில் செய்து பார்க்கலாம்.

உப்பே இல்லாமல் வாழ முடியுமா? அமேசான் காட்டு யனோமாமி மக்கள் வாழ்கிறார்கள். 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களில் 10,000க்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரைப் பிடித்து அளந்தது. அதில் யனோமாமிகளின் சோடியம் ஏறக்குறைய பூஜ்யம். அவர்களின் சராசரி ரத்த அழுத்தம் 96க்கு 61 அளவில்! இதே ஆய்வில் நம் லடாக்கும் டெல்லியும் இருந்தன. இன்னொரு கேஸ்: 1940களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற டாக்டர், ரத்த அழுத்தம் தலைக்கேறிய நோயாளிகளுக்கு உப்பில்லாத வெறும் அரிசிச் சோறும் பழமும் கொடுத்தே பலரைத் தேற்றினார். நல்ல மாத்திரை இல்லாத காலம் அது. சோற்றின் மேல் பழி போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சரி, நம் அடுப்படித் தொழிற்சாலையில் யார் போய் இலக்கு வைப்பது? ஒரு வழி இருக்கிறது. உப்பைக் குறைக்காமல் உப்பையே மாற்றுவது! சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைக் கலப்பார்கள். பார்க்க உப்பு, ருசியிலும் உப்பு. சோடியம் குறைகிறது, நமக்குப் பற்றாக்குறையான பொட்டாசியம் கூடுகிறது, இரண்டுமே ரத்த அழுத்தத்தை இறக்கும்.

இதைச் சோதித்தது எங்கோ அமெரிக்காவில் இல்லை. பக்கத்துத் தெலங்கானாவின் சித்திப்பேட்டை மாவட்டத்தில், ஏழு கிராமங்களில், ரத்த அழுத்தம் இருந்த 502 பேர் வீட்டில்! பாதிப் பேருக்குச் சாதா உப்பு, பாதிப் பேருக்கு 70க்கு 30 கலந்த மாற்று உப்பு. எது எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, தின்றவருக்கும் தெரியாது. மூன்று மாதம் அதே குழம்பு, அதே ரசம். முடிவில் மாற்று உப்புக்காரர்களின் மேல் அழுத்தம் மற்றவர்களைவிட 4.6 புள்ளி குறைவு. வேறெதையும் மாற்றச் சொல்லவில்லை, உப்புப் பாக்கெட்டைத் தவிர! 2021இல் வெளியான இந்த முடிவுக்கு நம் பத்திரிகைகளில் இன்னும் நாலு பத்தி இடம் கொடுத்திருக்கலாம்.

அதே ஆண்டு சீனாவிலிருந்து பெரிய குண்டு. 600 கிராமங்கள், 20,995 பேர், ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பக்கவாதம் வந்தவர்கள் அல்லது ரத்த அழுத்தம் உள்ள அறுபது தாண்டியவர்கள். வீட்டுச் சமையலுக்கும் ஊறுகாய்க்கும் போதுமாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் கணக்கில் மாற்று உப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சாவே 12 சதவீதம் குறைந்தது! 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் வீட்டில் இந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஒரே ஒரு கண்டிப்பு: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியத்தை ஏற்றும் சில பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்த வழிகாட்டுதல் பொருந்தாது.

இப்போது அதே மளிகைக் கடை வாசலுக்குத் திரும்பிப் போய், "அண்ணே, சோடியம் கம்மியான உப்பு இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "உப்புல என்னம்மா கம்மி, ஜாஸ்தி? இருக்கிறது இதுதான்" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் ஐசிஎம்ஆரின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் சென்னையில் 300 கடைகளில் ஏறி இறங்கியது. இந்த உப்பு கிடைத்தது 28 சதவீதக் கடைகளில். சூப்பர் மார்க்கெட்டில் 52 சதவீதம், சின்ன மளிகைக் கடையில் வெறும் 4 சதவீதம்! அப்போது விலை 100 கிராம் ரூ.5.60, சாதா அயோடின் உப்பு ரூ.2.70. சென்னைக்கே இந்தக் கதி. இதே நிறுவனம் 2025இல் பஞ்சாபிலும் தெலங்கானாவிலும் மூன்று வருடத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. பிரஷர் பார்க்க வருகிறவர்களிடம் சுகாதார ஊழியரே உட்கார்ந்து உப்பைப் பற்றிப் பேசுவார்.

கடைசியாக ஒன்று, இது பலருக்கு மறந்தே போயிருக்கும். 2014 ஜூனில் தமிழ்நாடு உப்புக் கழகம் 'அம்மா உப்பு' கொண்டுவந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் விளைந்த உப்பு. மூன்று ரகம் வந்தது. அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய், இரும்புச் சத்தும் சேர்த்தது 14 ரூபாய், மூன்றாவது சோடியம் குறைத்த உப்பு, கிலோ 21 ரூபாய்! உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுவதற்குப் பத்து வருடம் முன்னாலேயே ஒரு மாநில அரசு கடையில் வைத்து விற்ற பொருள் அது. அரசாங்கத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அந்த மூன்றாவது ரகத்தை மானிய விலையில் எல்லா ரேஷன் கடைக்கும் அனுப்புங்கள், எல்லையின் இந்தப் பக்கம் கிருஷ்ணகிரிக்கும் சரி, அந்தப் பக்கம் சாந்திபுரத்துக்கும் சரி. அது வரும் வரை நீங்கள் செய்ய வேண்டியது: பாக்கெட்டைத் திருப்புங்கள், சோடியத்தை 2.5 ஆல் பெருக்குங்கள், குழம்பில் போடும் உப்பில் இன்றைக்கு ஒரு சிட்டிகை குறையுங்கள். வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்!